பாப்பாவுக்கு வந்த எண்ணெய்

அந்தச் சொல்லை நான் முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். சென்னைப் பதிப்பகம் ஒன்று அனுப்பியிருந்த மருத்துவப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு நோய் பற்றிய அத்தியாயம். ‘கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும், போதை தராத ஒரு பொருள்’ என்று ஒரு வரி வந்தது. தட்டச்சு செய்தவர் வேறு ஏதோ செடியின் பெயரைத் தவறாக அடித்துவிட்டார் என்று எண்ணி, அந்த வரியில் மஞ்சள் பூசி, ‘சரிபார்க்கவும்’ என்று குறித்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. ‘சரிதான். கன்னபிடியால் என்று பெயர். அப்படியே இருக்கட்டும்.’

வேலை முடிந்த பக்கத்தை நான் திரும்பத் திறப்பதில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பலமுறை திறந்தேன். மாத்திரைகளுக்கு அடங்காத சில வகை வலிப்புகளுக்கு இது உதவக்கூடும் என்று இருந்தது. அந்த வகைகளில் ஒன்றின் பெயர், பக்கத்து அறையில் தலையில் பஞ்சு வைத்த தொப்பியோடு தரையில் உட்கார்ந்திருந்த என் தங்கையின் மருத்துவச் சீட்டில் பல வருடங்களாக எழுதப்பட்டு வருகிற பெயர்.

அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அவள் பாப்பாதான். கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்துவிட்டது. கை கால் வெட்டி இழுக்கிற வலிப்பு மட்டும் என்றால் கூட யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு விழுகிற வலிப்பும் உண்டு. நின்றுகொண்டே இருப்பாள். யாரோ நூலை அறுத்ததுபோலத் தரையில் கிடப்பாள். சத்தம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. நெற்றியிலும் மோவாயிலும் தையல் போட்ட தழும்புகள். முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. அவள் பேசுகிற சொற்கள் கொஞ்சம். நான் பேசுவதில் முக்கால்வாசி அவளுக்குப் புரியும்.

அப்பா அம்மா இருந்தவரை அவளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தோம். அவர்கள் போனபிறகு நான் ஒருத்திதான். அண்ணன் வளைகுடாவில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். “பாப்பா, அண்ணனைப் பாரு” என்று செல்போனை அவள் முகத்துக்கு முன்னால் பிடிப்பேன். அவள் செல்போனின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அவன் சிரிப்பான். பிறகு வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிடுவான். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவனுக்கும் அங்கே தனி அறைதான்.

சங்கரன்கோவிலில் நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் வீட்டுக்காரர். அடுத்த தெருவில் விசைத்தறி போட்டிருந்தவர். இப்போது தறியை மகன் பார்த்துக்கொள்கிறான். அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். இரண்டு கட்டுக்கும் நடுவே ஒரு முற்றம், ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல். நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்றால்தான் அப்படி ஒரு சத்தம் இருந்தது என்றே தெரியும்.

எங்கள் வீட்டு மேசை மூலைகளில் பழைய சேலையைச் சுற்றிக் கட்டியிருந்தேன். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. கூடத்தில் பாதி இடம் மெத்தை. வீட்டிலிருந்தபடியே செய்ய முடியும் என்பதால்தான் மெய்ப்புத் திருத்துகிற வேலையைப் பிடித்துக்கொண்டேன். கோப்பு மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலில் போகும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததால் பாப்பாவுக்குப் படித்துக் காட்டியபடியே வேலை செய்வேன். வரலாறு, சமையல் குறிப்பு, நாவல், வருமான வரி விளக்கம், எது வந்தாலும் வாய்விட்டுப் படிப்பேன். நீளமான சொல் வந்தால் அவள் சிரிப்பாள். வேறு யாரோடும் நான் அவ்வளவு பேசியதில்லை.

வலிப்புள்ள வீட்டுக்கு ஜனங்கள் அதிகம் வரமாட்டார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையை அண்ணாச்சி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ‘பாப்பாவைப் போட்டுவிட்டு உன்னால வர முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்லணும்லா’ என்று பிறகு போனில் சொல்வார்கள். கோவில் புற்றுமண் பூசிப் பார்த்தாயா, இன்ன ஊரில் வேர் கட்டுகிறார்களாமே என்று கேட்டவர்களும் நாளாவட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சலாக இருக்கும். நின்றபிறகு அது வேறு மாதிரி இருந்தது.

மதினி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தாள். பாப்பா விழுகிற சத்தம் முன்கட்டுக்குக் கேட்டால் இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். “எங்க அம்ம காலத்துலருந்து இப்பிடித்தான்ட்டி” என்பாள். ஆனால் வருவாள். மீன் குழம்பு வைக்கிற அன்று ஒரு கிண்ணம் பின்கட்டுக்கு வந்துவிடும்.

புத்தகத்தில் படித்ததை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறை திருநெல்வேலிக்குப் போனபோது நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். என் வயதுதான் அவருக்கும். பாப்பாவை நீண்ட காலமாகப் பார்த்து வருகிறவர்.

“டாக்டர், கஞ்சாவுலருந்து எடுக்கிற ஒரு எண்ணெய்னு படிச்சேன்” என்றேன். ‘கஞ்சா’ என்ற சொல்லுக்கு மட்டும் என் குரல் தானாக இறங்கியது. கதவுக்கு வெளியே ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் சிரித்துவிட்டார். “ஏன் ரகசியம் மாதிரி கேக்கறீங்க? நானே இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“போதை ஏறாதா?”

“அந்தச் செடியில பல பொருள் இருக்கு. போதை கொடுக்கறது ஒண்ணு. இது வேற ஒண்ணு. இதுல போதை கிடையாது. உங்க தங்கச்சிக்கு இருக்கற மாதிரி வலிப்புக்கு, மத்த மாத்திரையோட சேத்துக் கொடுத்தா சில பேருக்கு நல்லாவே குறையுது. சில பேருக்கு ஒரு மாத்தமும் இருக்காது. அடியோட நின்னு போயிரும்னு மட்டும் நினைச்சிராதீங்க.”

“கெடுதல்?”

“தூக்கம் வரும். வயித்தால போகலாம், பசி குறையலாம். ஏற்கெனவே சாப்பிடற மாத்திரையோட சேர்ந்து ஈரலைத் தொந்தரவு பண்ணலாம். அதனால அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாக்கணும். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா கூட்டுவோம்.”

நான் செல்போனில் படித்த மற்றதையும் சொன்னேன். மூட்டுவலி, தூக்கமின்மை, மனப்பதற்றம் என்று எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று போட்டிருந்தார்கள்.

“போடுவாங்க. விக்கணும்ல. சில வகை வலிப்புக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கு. மத்ததுக்கெல்லாம் இன்னும் ஆராய்ச்சி பண்ணிட்டுதான் இருக்காங்க. நாளைக்கு ஏதாவது தெரிய வரலாம், வராமலும் போகலாம். நீங்க ஆன்லைன்ல கண்டதையும் வாங்கிராதீங்க. உள்ள என்ன எவ்வளவு இருக்குன்னே தெரியாது. நான் எழுதித் தரேன். அந்தச் சீட்டைப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க.”

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் பாப்பாவை உட்கார வைத்து, என் கையை அவள் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மானூர் தாண்டியதும் அவளுக்கு வந்தது. தலை முன் கம்பியில் மோதியது. தொப்பி இருந்ததால் அடி இல்லை. எங்களுக்கு முன்னால் இருந்த பெண் எழுந்து தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றுகொண்டாள். நாங்கள் இறங்கும்வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. பேருந்தில் கூட்டம் இருந்தது.

இந்த விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? வெள்ளிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். அவன் பதறிப்போய், “போன்ல அந்தப் பேரைச் சொல்லாத. இங்கன அதெல்லாம் பெரிய குத்தம். நாம பேசுததக் கேட்டுக்கிட்டு இருந்தாலும் இருப்பான்” என்றான். பிறகு வெயிலைப் பற்றிப் பேசினான்.

எண்ணெய் கூரியரில் வந்தது. அட்டைப்பெட்டியின் மேல் ஐந்தாறு விரல்களாக விரிந்த அந்த இலையின் படம். பேருந்து நிலையத்தில் போலீஸ் வைத்திருக்கிற போதை ஒழிப்புப் பலகையில் சிவப்புக் கோடு போட்டு அடித்திருக்கிறார்களே, அதே இலை. பெட்டியில் ‘விஜயா’ என்று எழுதியிருந்தது. சித்த, ஆயுர்வேதக்காரர்கள் கஞ்சாவுக்கு வைத்திருக்கிற பெயர் அது. உள்ளே சின்னக் கண்ணாடிப் புட்டி, அளந்து கொடுக்க ஊசி இல்லாத சிரிஞ்சு. முகர்ந்து பார்த்தேன். பச்சைப் புல்லைக் கசக்கி நல்லெண்ணெயில் போட்டது போல ஒரு வாசனை.

கூரியரைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது மதினி. நான் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியை என் கையில் கொடுக்கும்போது அவள் கண் அந்த இலையிலேயே இருந்தது.

“என்னட்டி இது?”

“பாப்பாவுக்கு மருந்து மதினி.”

“இந்த எலை எனக்குத் தெரியும்” என்றாள். முன்கட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். பின்கட்டுக்கு அவர் வருவதே அபூர்வம். குழாய் ரிப்பேர் என்றால் வருவார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

“யம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“வீட்டுல கஞ்சா வந்திருக்குன்னு இவ சொல்லுதா.”

நான் டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் வாங்கவில்லை.

“சீட்டு இருக்கட்டும். நாளைக்குப் போலீஸ்காரன் வந்தா சீட்டப் படிச்சிக்கிட்டா நிப்பான்? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரெண்டு பயலுவள அடிச்சி இழுத்துட்டுப் போனத நான் கண்ணால பாத்தேன். தெருவுல நாலு பேரு என்ன பேசுவான்?”

“இது போதை தராது அண்ணாச்சி. அதுல உள்ள வேற ஒரு பொருள மட்டும் எடுத்திருக்காங்க.”

“போதை தராதுன்னா அந்த எலையப் படம் போட்டு எதுக்கு அனுப்புதான்?”

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. சாதாரண மருந்துக்கு என்ன படம் போடுவார்களோ அதைப் போட்டிருக்கலாம்.

பாப்பா அப்போது எனக்குப் பின்னால் எழுந்து நின்றிருக்கிறாள். தொம் என்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மெத்தைக்கு வெளியே கிடந்தாள். நான் போய் அவளை ஒருக்களித்துத் திருப்பி வாயைத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணாச்சி செருப்போடு உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

“சரி, ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிடுங்க” என்றார் கடைசியில். “அந்த டப்பாவ மட்டும் முழுசா குப்பையில போட்டுராத. கிழிச்சிப் போடு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் கத்தரிக்கோலால் வெட்டித்தான் போட்டேன். ஆனால் மதினி வருவது நின்றுவிட்டது. சண்டை எதுவும் இல்லை. முற்றத்தில் எதிர்ப்பட்டால், “சாப்பிட்டியா?” என்று கேட்பாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விடுவாள். மீன் குழம்பு வாசனை முற்றத்தைத் தாண்டி வரும். கிண்ணம் வராது.

எண்ணெய் கொடுக்க ஆரம்பித்த முதல் சில வாரங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் மிகத் தனியாக இருந்த காலம் என்று இப்போது தோன்றுகிறது. பாப்பா தூங்கினாள். காலையில் எழுப்பி, சோறு ஊட்டி, எண்ணெயைக் கொடுத்தால் மறுபடி தூக்கம். கண் திறந்திருக்கும்போதும் பார்வை எங்கோ இருக்கும். வயிற்றுப்போக்கு வேறு. நான் படித்துக் காட்டினால் சிரிப்பதற்கு ஆள் இல்லை. வாய்விட்டுப் படிப்பதை நானே நிறுத்திவிட்டேன். ஒரு சமையல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தபோது, ‘கறிவேப்பிலை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கறிவேப்பிள்ளை’ என்று இருந்தது. பாப்பா இருந்தால் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துத் திரும்பினேன். அவள் அங்கேதான் இருந்தாள். குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் விழவில்லைதான். தூங்குகிறவள் எப்படி விழுவாள்? விழுகிற தங்கையைக் கொடுத்துத் தூங்குகிற தங்கையை வாங்கிக்கொண்டேனோ என்று பயமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். மருத்துவருக்குப் போன் செய்தேன்.

“நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது” என்றார் உடனே. “திடீர்னு நிறுத்தினா வலிப்பு அதிகமாயிரும். அவங்க சாப்பிடற பழைய மாத்திரையில ஒண்ணை இந்த எண்ணெய் உடம்புல தங்க வச்சிருது. அதனாலதான் இவ்வளவு தூக்கம். அந்த மாத்திரையைக் குறைப்போம். ரத்தம் எடுத்து அனுப்புங்க.”

ஈரல் கணக்குகள் கொஞ்சம் ஏறியிருந்தன, பயப்படுகிற அளவுக்கு இல்லை என்றார். பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். அவள் கண்ணில் தெளிவு வர நாளாயிற்று. எந்த நாளில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மத்தியானம் வேலையை முடித்து நிமிர்ந்தபோது, காலையிலிருந்து அவள் பக்கம் ஓடவே இல்லை என்பது உறைத்தது. அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு நாள் விழுந்தாள், அதற்கடுத்த நாளும் விழுந்தாள். ‘அவ்வளவுதானா’ என்று நினைத்தேன். மறுபடி பல நாள் ஒன்றும் இல்லை.

முதலில் அவள் செய்தது தொப்பியைக் கழற்றியதுதான். நான் மாட்டினால் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். மாட்டினேன், தள்ளினாள். “பாப்பா, தலையில அடிபட்டுரும்லா” என்று கெஞ்சினேன். “வேண்டாம்” என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவள், எங்கே உட்கார வைத்தாலும் உட்கார்ந்திருக்கிறவள் அவள். அதன்பிறகு வேண்டாம் என்பது தினமும் வந்தது. பச்சைச் சேலைத் துணியில் தைத்த நைட்டி வேண்டாம். உப்புமா வேண்டாம். நான் படித்துக் காட்டுவதும் ஒருநாள் வேண்டாமாகிவிட்டது. காதைப் பொத்திக்கொண்டாள்.

மருத்துவரிடம் இதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் கவனமாகத்தான் பேசினார். “மருந்து புதுசா பேச்சைக் கொடுக்கலை. விழாம இருக்கற நேரம் கூடியிருக்கு, முழிச்சிருக்காங்க. அந்த நேரத்துல அவங்க யாருன்னு தெரிய வருது. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒரு காதை அவள் பக்கமே வைத்துக்கொண்டு வாழ்ந்தவள் நான். அந்தக் காதுக்கு இப்போது வேலை குறைந்துவிட்டது. மத்தியானங்கள் நீண்டன. கோப்புகளைச் சொன்ன நாளைக்கு முன்பே முடித்து அனுப்பினேன். பதிப்பகத்தில், “என்ன மேடம், இவ்வளவு சீக்கிரம்?” என்றார்கள். போனை எடுத்துப் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பேன். கூப்பிடலாம் என்று தோன்றுகிற பெயர் ஒன்றும் இருக்காது. கல்லூரியில் கூடப் படித்தவள் ஒருத்திக்கு ஒருமுறை அடித்தேன். யார் பேசுவது என்று கேட்டாள். சொன்னேன். “ஏ, எப்பிடி இருக்க? உன் தங்கச்சி... இருக்காளா?” என்று தயங்கிக் கேட்டாள். இருக்கிறாள் என்றேன்.

மதினி திரும்ப வந்தது அந்த நாட்களில்தான். வெயில் முற்றத்துக் கல்லில் அடித்துக்கொண்டிருந்த நேரம். வந்தவள் உள்ளே வந்து உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். காபி போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையசைத்தாள். அவளுக்குச் சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு.

“பாப்பா இப்ப விழக் காணோமே” என்றாள்.

“குறைஞ்சிருக்கு மதினி. அந்த எண்ணெய்தான்.”

பாதங்களைத் தடவிவிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “ஏட்டி, எனக்குக் காலு ரெண்டும் தீயில வச்ச மாதிரி எரியுது. அந்த எண்ணெயத் தேச்சா கேக்குமா?” என்றாள்.

இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் வந்திருந்தாள்.

“அது உள்ளுக்குக் குடுக்கிற மருந்து மதினி. சர்க்கரை எரிச்சலுக்குக் கேக்குமான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியலையாம். டாக்டரே சொன்னாங்க. நீங்க வேற மாத்திரை எல்லாம் சாப்பிடுதீங்க. அதோட சேராமப் போச்சுன்னா?”

“ஒரு சொட்டு தந்தா கொறஞ்சா போவும்?”

“கெடுதல் வந்தா யாரு பதில் சொல்லுதது? திருநெல்வேலிக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். டாக்டர்ட்ட கேப்போம்.”

“ஆமா, திருநெல்வேலிக்கு வந்துட்டாலும்” என்று முழங்காலில் கையூன்றி எழுந்தாள். முகம் சுருங்கிவிட்டது. ஒரு சொட்டைக் கொடுத்திருந்தால் அவள் தினமும் வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். கொடுக்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

பாப்பா மெத்தையிலிருந்து எழுந்தாள். என்னைக் கடந்து, படியைப் பிடித்து இறங்கி, மதினிக்குப் பின்னால் நடந்தாள். மதினி திரும்பிப் பார்த்தாள்.

“நீ எங்கட்டி வாரே?”

“டிவி” என்றாள் பாப்பா.

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. முன்கட்டிலிருந்து மத்தியானத் தொடரின் சத்தம் தினமும் கேட்கும். இத்தனை வருடமாக அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மதினி என் முகத்தைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள். சுருங்கியிருந்த முகத்தோடேயே சிரித்துவிட்டாள். “வா மக்கா, வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தொப்பியை எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். கூடவே உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தேன். மாமியாரும் மருமகளும் ஒரே இடத்தில் நின்று நெடுநேரம் முறைத்துக்கொண்டார்கள். பாப்பா அசையாமல் பார்த்தாள்.

அது பழக்கமாகிவிட்டது. சில நாள் நானும் போனேன். பிறகு வேலை இருந்ததால் போகவில்லை. மதினியும், “நீ ஏன்ட்டி காவல் இருக்க? நான் பாத்துக்கிட மாட்டேனா?” என்றாள்.

முன்கட்டில் பாப்பாவுக்கு வலிப்பு வந்த அன்று நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எந்தத் தறி ஓடினாலும் எனக்குக் கேட்கும். போட்டது போட்டபடி ஓடினேன். முற்றத்தைத் தாண்டிப் போவதற்குள் எத்தனையோ நினைத்துவிட்டேன். உள்ளே போனால், பாப்பா தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் மதினியின் சேலை முந்தானை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மதினி எரிகிற கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்திருந்தது. பாப்பா கண்ணைத் திறந்து மதினியைப் பார்த்தாள்.

“சாவிய எடுக்கலட்டி” என்றாள் மதினி என்னிடம். “நீ வைவேல்லா.”

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளை வேறொருவர் தாங்கிப் பார்த்து எத்தனை வருடமாகிவிட்டது. அழுகை வந்தது. சந்தோஷத்தால்தான் என்று மதினி நினைத்திருப்பாள். அதுவும் இருந்தது. எனக்கு அந்த அறையில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது என்பதும் இருந்தது.

மதினியைப் பிறகு ஒருவழியாகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனேன். அவள் கால் எரிச்சலுக்கு வேறு மருத்துவர் வேறு மாத்திரை எழுதினார். பாதி குறைந்திருக்கிறது என்கிறாள். பாப்பாவின் எண்ணெய் மேல் அவளுக்கு இருந்த ஆசை இன்னும் முழுதாகப் போகவில்லை. கூரியர் வந்தால் இப்போது அவளே வாங்கி வைத்து, அவளே கத்தரிக்கோலால் பெட்டியை வெட்டுகிறாள்.

பாப்பாவுக்கு வலிப்பு நிற்கவில்லை. மாதத்தில் சில நாட்கள் வருகிறது. காய்ச்சல் வந்தால் கூடுகிறது. ரத்தப் பரிசோதனை ஓயவில்லை. ஒருமுறை எண்ணெய் வரத் தாமதமாகி, புட்டியில் அடி தெரிய ஆரம்பித்தபோது கூரியர் அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்தேன். நல்லவேளை, தீர்வதற்குள் வந்துவிட்டது. அவள் விழுவது குறைந்திருக்கிறது, கீழே கிடக்கிற நேரத்தைவிட நிற்கிற நேரம் கூடியிருக்கிறது. அந்தப் பொருள் எங்களுக்குக் கொடுத்தது இதைத்தான். வேறொரு வீட்டில் இதுவும் கிடைத்திருக்காது என்று மருத்துவர் சொல்வார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் மதினியிடம் பாப்பாவை விட்டுவிட்டு வாசுதேவநல்லூருக்குப் பேருந்து ஏறினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. தனியாகப் பேருந்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை. எந்த ஊர், எங்கே போகிறாய் என்று கேட்டாள். சொந்தக்காரர் வீட்டுக்கு என்று பொய் சொன்னேன். “பிள்ளைக?” என்றாள். “தங்கச்சி இருக்கா” என்றேன்.

ஊரில் இறங்கி, குளத்துக் கரையில் கொஞ்ச தூரம் நடந்தேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. வயலில் ஆட்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். மனம் லேசாகும் என்று நினைத்து வந்திருந்தேன். ஆகவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். டீக்கடையில் ஒரு வடை தின்றுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

முன்கட்டில் பாப்பா மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாதி கீரை முறத்தில், பாதி தரையில்.

“என்னைக் கேட்டாளா மதினி?”

“கேக்கலட்டி. நல்லா சோறு தின்னா. எண்ணெயும் குடுத்துட்டேன்.”

“பாப்பா, அக்கா வந்துட்டேன்” என்றேன். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

பின்கட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். ராத்திரிச் சோறு வடித்து, ரசம் வைத்து, அவளைக் கூப்பிட்டேன். தொடர் முடியட்டும் என்று மதினி அங்கிருந்து சத்தம் கொடுத்தாள். அவளுக்கு ஊட்டி முடிக்காமல் நான் சாப்பிட்ட ஞாபகம் இல்லை. அவள் தட்டை மூடி வைத்தேன். வருவாள் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு எனக்கு ஒரு தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டேன்.